தானாகத் திறக்கும் ஷட்டர்: ரிலேயா, ஆப்டோவா, ரிமோட்டா?

இரவு இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது; பத்து நிமிஷத்தில் வந்தது. வந்த நொடியிலேயே கீழே கார் ஷெட் ஷட்டர் கரகரவென்று ஏறத் தொடங்கியது. அப்பாதான் முதலில் எழுந்தார். டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்து, "ஏண்டா, ஷட்டரைத் தொறந்து போட்டுட்டா தூங்குறது?" என்றார். நான் திறக்கவில்லை. போனிலிருந்து ஷட்டரை இயக்க, மூன்று வாரத்துக்கு முன்னால் நானே சாலிடர் வைத்து மாட்டிய நோட்எம்சியு போர்டுதான் (இஎஸ்பி8266 சிப் வைத்த சின்ன வைஃபை போர்டு) அதைத் திறந்திருந்தது.

மறுநாள் காலையில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். தப்பு ஒன்றும் இல்லை. ஷட்டர் மோட்டார் போட்ட எலக்ட்ரீஷியன் அண்ணனை வரவழைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து, டெஸ்டரை நாலு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மோட்டார்ல ஒண்ணுமில்ல சார், நீங்க வச்ச பொட்டிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போது கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. புரோகிராமுக்கும் மோட்டாருக்கும் நடுவில் நான் இழுத்திருந்த நாலு ஒயரில்தான் கோளாறு.

அந்த நாலு ஒயரை எப்படி எப்படியெல்லாம் இழுக்கலாம், எதில் என்ன வம்பு வரும் என்பதுதான் இந்த ஒப்பீடு. வீட்டிலேயே இஎஸ்பி8266, இஎஸ்பி32, ஆர்டுயினோ மாதிரி புரோகிராம் எழுதும் சின்ன போர்டு வைத்து ஷட்டரையோ ஸ்லைடிங் கேட்டையோ இயக்குகிறவர்களுக்குப் பயன்படும்.

விலையை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். எந்த வழியில் போனாலும் சாமான் செலவு ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடும் செலவைத் தாண்டாது. கேட்க வேண்டியவை மூன்று. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது இந்த ஒயரிங் என்ன செய்யும்? ஒயர் அறுந்தால், ஈரம் பிடித்தால் என்ன சொல்லும்? புரோகிராம் நடுவில் உறைந்து நின்றால் என்ன ஆகும்? நான் முதலில் போட்ட ஒயரிங் முதல் இரண்டிலும் தோற்றது.

முதலில் எந்தப் பக்கம் கோளாறு?

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். என் பெட்டியில் மோட்டாரின் கன்ட்ரோல் பாக்ஸில் காம் (பொது முனை), அப், ஸ்டாப், டவுன் என்று நாலு டெர்மினல் உண்டு. சுவரில் இருக்கும் பட்டன் அதில்தான் வந்து சேர்கிறது. அப்பையும் காமையும் ஒரு நொடி தொட்டால் ஷட்டர் ஏறும். என் ரிலே (போர்டு சொன்னால் இரண்டு ஒயரைத் தொடவைக்கும் மின் ஸ்விட்ச்) செய்த வேலையும் அதுதான்.

ரிலேயிலிருந்து அந்த டெர்மினலுக்குப் போகும் இரண்டு ஒயரையும் கழற்றிவிடுங்கள். இனி ரிலே என்ன ஆட்டம் போட்டாலும் ஷட்டர் அசையாது. இப்போது போர்டுக்கு வரும் சப்ளையைப் பத்துத் தடவை அணைத்துப் போடுங்கள், காதை ரிலே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பத்தில் பத்து முறையும் "டிக்" என்று கேட்டது. ரிலே போர்டில் இருக்கும் சின்ன சிவப்பு எல்இடி ஒரு கணம் மின்னியது. அதோடு பாதிக் கதை முடிந்தது. கோளாறு போர்டு விழித்தெழும் நேரத்தில், ரிலேக்குப் போகும் பின்னில் (போர்டின் ஊசிக் காலில்).

டிக் சத்தமே இல்லாமல், ஒயர் கழற்றிய நிலையிலும் ஷட்டர் தானாக ஏறினால் உங்கள் பெட்டிக்குச் சம்பந்தமில்லை. ரிமோட் ரிசீவரையோ சுவர் பட்டனையோ பாருங்கள். சுவர் பட்டனுக்குள் எறும்பு கூடு கட்டி இரண்டு தகட்டையும் சேர்த்துவிடுவது நம் ஊரில் நடக்கிற சங்கதிதான்.

ரிலே டிக் என்று அடிக்கும் அதே நேரம் போர்டே ரீசெட் ஆகிறதா என்பதையும் கவனியுங்கள். புரோகிராமில் "எத்தனை வினாடியாக ஓடுகிறேன்" என்று ஒரு எண்ணை அனுப்பச் சொன்னால் போதும். ஷட்டரை இயக்கிய மறுகணம் அந்த எண் பூஜ்யத்துக்கு வந்தால் சப்ளை பலவீனம். எண் ஓடிக்கொண்டே இருந்தால் சப்ளையை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

என் டிக் சத்தத்துக்குக் காரணம் இதுதான். வாங்கிய ரிலே போர்டு, நீல டப்பா ரிலே வைத்த சாதாரண வகை. அதில் உள்ளீட்டை லோ (பூஜ்ய வோல்ட்) ஆக்கினால்தான் ரிலே இழுக்கும். நான் அதை டி4 பின்னில் கொடுத்திருந்தேன். டி4 என்பது சிப்பின் ஜிபிஐஓ 2 என்ற பின். இஎஸ்பி8266 விழித்தெழும்போது அந்தப் பின் வழியாகவும் துவக்கச் செய்திகள் போகும். போர்டின் மேலேயே இருக்கும் நீல எல்இடி ரீசெட்டின்போது மினுக்கென்று எரிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே பின்தான். எல்இடி மினுக்கும்போதெல்லாம் ரிலேயும் மினுக்கியது. டி3, டி8 இரண்டும் துவக்க நிலையைத் தீர்மானிக்கும் பின்கள், அவற்றையும் தொடக் கூடாது. டி0 துவக்கத்தில் ஹையாக (3.3 வோல்ட்டில்) நிற்கும். ரிலேக்கு நிம்மதியான பின்கள் டி1, டி2 இரண்டும்தான். இஎஸ்பி32 வைத்திருப்பவர்கள் 0, 2, 5, 12, 15 ஆகியவற்றைத் தவிருங்கள். அதில் 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டும்தான், உள்ளே புல்-அப்பும் (எதுவும் தொடாதபோது பின்னை ஹையில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. இது தெரியாமல் சென்சரை 34-இல் மாட்டிவிட்டு, காற்றடித்தால் கதவு திறக்கிறது என்று புலம்பிய நண்பர் எனக்கு உண்டு.

டி1-க்கு மாற்றினேன், டிக் நின்றது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பின்னை மாற்றியதால் மட்டும் நிம்மதியாகத் தூங்கும் ஷட்டரை நான் நம்பவில்லை.

மோட்டார் ஒயரை நேராகத் தொடுவது

இதை முதலிலேயே தள்ளிவைத்துவிடலாம். கன்ட்ரோல் பாக்ஸை ஒதுக்கிவிட்டு, இரண்டு ரிலே வைத்து மோட்டாரின் 230 வோல்ட் ஒயரையே அப், டவுன் என்று நேராக ஆட்டும் வழி. படம் போட்டால் எளிமையாகத் தெரியும். ஏசி ஷட்டர் மோட்டாரில் அப் ஒயருக்கும் டவுன் ஒயருக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். மோட்டார் மேலே ஓடும்போது சும்மா இருக்கும் டவுன் ஒயரிலும் கெப்பாசிட்டர் வழியாக மின்னழுத்தம் வந்து நிற்கும், 230-ஐத் தாண்டியே நிற்கும். ஒரு பிழையில் இரண்டு ரிலேயும் ஒரே சமயம் மூடினால் அந்தக் கெப்பாசிட்டர் அப்படியே ஷார்ட் ஆகி, ரிலேயின் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரிலேயை எந்தப் புரோகிராமாலும் பிரிக்க முடியாது. நீல டப்பாவின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். அது பல்பு, ஹீட்டர் மாதிரியான லோடுக்கு. மோட்டாருக்கு அதில் கொஞ்சம்தான் தாங்கும்.

போதாததற்கு, பல பெட்டிகளில் மேல் எல்லை, கீழ் எல்லை ஸ்விட்சுகள் கன்ட்ரோல் பாக்ஸ் வழியாகத்தான் வேலை செய்யும். அதை ஒதுக்கினால் ஷட்டர் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு உருளையில் இறுகிவிடும்.

பெட்டி எரிந்துபோய் வேறு வழியில்லை என்றால், ஒரு ரிலேயை ஓடு, நில் என்பதற்கும், இன்னொன்றைத் திசை மாற்றவும் வையுங்கள். முதல் ரிலேயின் வெளியீடு இரண்டாவதன் காமுக்குப் போக வேண்டும். அதன் என்ஓ (ரிலே இழுத்தால் சேரும் முனை) அப்புக்கு, என்சி (இழுக்காதபோது சேர்ந்திருக்கும் முனை) டவுனுக்கு. இப்படிச் செய்தால் இரண்டு திசைக்கும் ஒன்றாகக் கரண்ட் போகவே வழியில்லை. புரோகிராம் என்ன தப்புப் பண்ணினாலும் ஒயர் விடாது. அப்போதும் எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

பட்டன் டெர்மினலில் ரிலே

பெரும்பாலானவர்கள் போவது இந்த வழி, நானும் போனேன். சுவர் பட்டனுக்கு இணையாக ரிலேயின் காம், என்ஓ இரண்டையும் மாட்டுகிறோம். பெட்டிக்குப் பட்டன் அழுத்தியது மாதிரிதான் தெரியும். எல்லை ஸ்விட்ச், ஸ்டாப், ரிமோட் எல்லாம் அதன் பாட்டுக்கு வேலை செய்யும். அந்த டெர்மினலில் ஏசியா டிசியா, எது பாசிட்டிவ் என்ற கவலை இல்லை. தகடும் தகடும் தொட்டால் போதும்.

ஆனால் ரிலேக்குச் சாப்பாடு அதிகம். 5 வோல்ட் நீல டப்பாவின் சுருள் சுமார் 70 ஓம். அதாவது இழுத்து வைத்திருக்கும் நேரமெல்லாம் 70 மில்லிஆம்பியர். அதே நொடியில் வைஃபையும் பேசினால் இன்னும் சில நூறு மில்லிஆம்பியர். பழைய போன் சார்ஜரும் நூல் மாதிரி யூஎஸ்பி கேபிளும் இருந்தால் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். ரீசெட் ஆனால் துவக்கம். துவக்கத்தில் தவறான பின் இருந்தால் மறுபடி டிக். ஷட்டர் பாதியில் நின்று ஆடுவதாகச் சிலர் சொல்வார்களே, அது பெரும்பாலும் இந்தச் சுழல்தான்.

இன்னொன்று, ஆப்டோ (வெளிச்சத்தால் சிக்னலைக் கடத்தி, இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரித்து வைக்கும் சிப்) வைத்த ரிலே போர்டு என்று சொல்லி வாங்குவோம். அதில் விசிசியையும் (போர்டு பக்கத்துச் சப்ளை) ஜேடி-விசிசியையும் (ரிலே சுருளின் சப்ளை) இணைக்கும் மஞ்சள் ஜம்பர் தொப்பி இருக்கும். அந்தத் தொப்பி இருக்கும்வரை ரிலேக்கும் போர்டுக்கும் ஒரே சப்ளை, ஆப்டோ இருந்தும் பிரிவு இல்லை. ரிலேக்குத் தனி 5 வோல்ட் கொடுத்துத் தொப்பியைக் கழற்றினால்தான் அந்த ஆப்டோவுக்கு அர்த்தம். இதை நான் இந்தப் போர்டுகளை வாங்கத் தொடங்கி இரண்டு வருஷம் கழித்துத்தான் கவனித்தேன்.

புரோகிராமில் ஒரு வரியின் இடமும் முக்கியம். லோவில் இழுக்கும் ரிலே என்றால், பின்னை அவுட்புட் ஆக்குவதற்கு முன்னாலேயே அதில் ஹை எழுதிவிட வேண்டும். முதலில் அவுட்புட், அப்புறம் ஹை என்று எழுதினால் நடுவில் ஒரு மைக்ரோ கணம் லோ. ரிலே அதில் இழுக்காமல் போகலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

பட்டன் டெர்மினலில் ஆப்டோ

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது. பிசி817 என்ற நாலு கால் பூச்சி. சென்னை ரிச்சி தெருவில் கைப்பிடி அள்ளிக் கொடுப்பார்கள். உள்ளே ஒரு பக்கம் எல்இடி, எதிரே ஒரு ஃபோட்டோ டிரான்சிஸ்டர், நடுவில் வெளிச்சம் மட்டும். டி1 பின்னிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக எல்இடிக்கு: 3.3 வோல்ட்டில் எல்இடி 1.2 எடுத்துக்கொண்டால் மீதி 2.1, அதை 330-ஆல் வகுத்தால் சுமார் 6 மில்லிஆம்பியர். இஎஸ்பி8266 பின் 12 வரை தரும். ரிலே கேட்ட எழுபது எங்கே, இது எங்கே. சத்தமும் இல்லை, தேய்மானமும் இல்லை.

எனக்குப் பிடித்தது இன்னொரு குணம். இங்கே பின் ஹை ஆனால்தான் பட்டன் அழுந்தும். போர்டில் உயிர் இல்லை, பின் அந்தரத்தில் தொங்குகிறது, ஜம்பர் ஒயர் கழன்றுவிட்டது, எதுவானாலும் எல்இடி எரியாது, பட்டன் அழுந்தாது. பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டுவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இதற்கு ஒரே நிபந்தனை, டெர்மினலில் இருப்பது குறைந்த டிசியாக இருக்க வேண்டும். மல்டிமீட்டரை டிசியில் வைத்து அப்புக்கும் காமுக்கும் நடுவே அளந்து பாருங்கள். எனக்கு 12 வோல்ட் காட்டியது. பிறகு மீட்டரை மில்லிஆம்பியருக்கு மாற்றி, பட்டனுக்குப் பதில் மீட்டரையே நடுவில் வைத்தால் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று தெரியும் (ஷட்டர் ஏறும், கீழே யாரும் நிற்க வேண்டாம்). எனக்கு 3 மில்லிஆம்பியருக்கும் குறைவு. பிசி817 தாராளமாகத் தாங்கும். டிரான்சிஸ்டர் பக்கத்தின் இரண்டு கால்களில் பாசிட்டிவ் முனை கலெக்டருக்கு, மற்றது எமிட்டருக்கு. மாற்றி மாட்டினால் வேலை செய்யாது. டெர்மினலில் ஏசி காட்டினாலோ கரண்ட் பத்தைத் தாண்டினாலோ பேசாமல் ரிலேக்கே திரும்பிவிடுங்கள்.

கடைக்காரர் சிலர், "எதுக்கு சார் இதெல்லாம், எஸ்எஸ்ஆர் போடுங்க" என்பார்கள். ஏசிக்கான சாலிட் ஸ்டேட் ரிலேக்குள் இருப்பது டிரையாக். அதை டிசியில் போட்டால் ஒருமுறை மூடியது, கரண்ட் ஓடும்வரை திறக்காமல் நிற்கும். அணைத்த நிலையிலும் கொஞ்சம் கசியும். பட்டன் வேலைக்கு அது ஆகாது.

புரோகிராம் உறைந்துபோனால்? பின் ஹையாக இருக்கும்போதே உறைந்தால் பட்டன் அழுத்தியபடியே இருக்கும், ரிலேயானாலும் ஆப்டோவானாலும். இஎஸ்பி8266-இன் வாட்ச்டாக் (உறைந்தால் ரீசெட் செய்யும் காவல் டைமர்) சில நொடியில் எழுப்பிவிடும். அப்-க்கு அது போதும், எல்லை ஸ்விட்ச் இருக்கிறது. டவுனுக்கு? நான் டவுனைப் போனுக்குக் கொடுக்கவே இல்லை. அதைப் பற்றிக் கடைசியில்.

உபரி ரிமோட்டைப் பலி கொடுப்பது

பெட்டியைத் திறக்கவே முடியாத இடங்கள் உண்டு. வாடகை வீடு, அபார்ட்மென்ட் கேட், வாரன்ட்டி இருக்கும் மோட்டார். அங்கே உபரியாக ஒரு ரிமோட்டை வாங்கிப் பெட்டிக்குப் பழக்கி, அதைப் பிரித்து, பட்டனுக்கு இணையாகப் பிசி817 வைத்துச் சாலிடர் செய்வது நல்ல வழி. ஷட்டருக்கும் உங்கள் போர்டுக்கும் நடுவில் ஒயரே இல்லை. மோட்டார் கிளப்பும் இரைச்சலோ மின்னலோ உங்கள் போர்டுக்குள் நுழைய பாதையும் இல்லை. ரிமோட் ஒவ்வொரு முறையும் கோடை மாற்றிக்கொள்ளும் ரோலிங் கோடு வகையானாலும் கவலை இல்லை, அந்தக் கணக்கை ரிமோட்டே பார்த்துக்கொள்ளும்.

வாடகை வீட்டில் இருக்கும் நண்பருக்கு இப்படிச் செய்து கொடுத்தேன். பட்டனின் இரண்டு பக்கமும் மீட்டர் வைத்துப் பார்த்ததில் ஒரு பக்கம் பேட்டரியின் பாசிட்டிவோடு நேராக இருந்தது. அதைக் கலெக்டருக்குக் கொடுத்தோம். அவருடைய ரிமோட் காசு பேட்டரி வகை, 3 வோல்ட். பேட்டரியை எடுத்துவிட்டுப் போர்டின் 3.3-இலிருந்தே ஊட்டினோம். சின்ன உருளை மாதிரி 12 வோல்ட் பேட்டரி போடும் ரிமோட்டில் அது நடக்காது, பேட்டரியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

குறை என்ன? ரிமோட் சொன்னதைப் பெட்டி கேட்டதா என்று தெரிய வழியில்லை. பட்டன் அழுந்திய நிலையில் உறைந்தால் அது ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அப்போது வீட்டில் இருக்கும் மற்ற ரிமோட்டும் வேலை செய்யாது. சொந்த வீட்டில், திறக்கக்கூடிய பெட்டி இருக்கும்போது இதைத் தேர்வு செய்ய எனக்குக் காரணம் தெரியவில்லை.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே கராஜ் கதவு மோட்டாரின் இரண்டு டெர்மினலை ரிலேயால் தொட்டால் போதும் என்பது பல வருஷம் உண்மையாக இருந்தது. சேம்பர்லைன், லிஃப்ட்மாஸ்டர் மோட்டார்களில் 2011 வாக்கில் வந்த செக்யூரிட்டி பிளஸ் 2.0 வகையில், அதாவது ரிமோட்டைப் பழக்கும் லேர்ன் பட்டன் மஞ்சளாக இருக்கும் மோட்டாரில், சுவர் பட்டனும் மோட்டாரும் குறியீட்டு மொழியில் பேசிக்கொள்கின்றன. அங்கே ரிலே வைத்து ஒயரைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. ஒயரிங்கில் பிழை தேடி ஒரு வார இறுதியையே தொலைக்க வேண்டாம். சுவர் பட்டனைப் பிரித்து அதன் பட்டன் மேலேயே சாலிடர் வைக்கலாம். இல்லையென்றால் அந்த மொழி தெரிந்த ராட்ஜிடிஓ போர்டை வாங்கி மாட்டலாம். 2023-இல் சேம்பர்லைன் நிறுவனம், போனில் கதவை இயக்கும் தன் மைக்யூ சேவையில் வெளி மென்பொருள்கள் நுழைவதை அடைத்தபின் பலர் இந்தப் போர்டின் பக்கம் போனார்கள்.

ஷட்டர் மூடியிருக்கிறதா? சென்சர் ஒயரின் கதை

பாதித் தலைவலி வெளியீட்டில் என்றால் மீதிப் பாதி சென்சரில். திறந்த ஷட்டரை மூடியிருக்கிறது என்று போன் சொல்வதும், மூடிய ஷட்டருக்கு நடுராத்திரியில் "திறந்திருக்கிறது" என்று அலறுவதும்.

முதலில் நான் செய்தது: தரையில் ரீட் ஸ்விட்ச் (காந்தம் பக்கத்தில் வந்தால் மூடும் ஸ்விட்ச்), ஷட்டரின் அடிப்பட்டையில் காந்தம். ஸ்விட்சின் ஒரு கால் கிரவுண்டுக்கு, மறு கால் நேராகப் பின்னுக்கு, உள்ளேயே இருக்கும் புல்-அப். மேஜை மேல் அரை மீட்டர் ஒயரில் ஒரு மாதம் ஓடியது. ஷெட்டில் 12 மீட்டர் ஒயரில் முதல் மழைக்கே மண்டியிட்டது.

ஏன் என்பதைக் கணக்காகப் பார்த்தால் புரியும். உள் புல்-அப் 30-இலிருந்து 100 கிலோ ஓம் வரை எதுவாகவும் இருக்கலாம், 50 என்று வைத்துக்கொள்வோம். ஸ்விட்ச் மூடியிருக்கும்போது அந்த 12 மீட்டரில் ஓடுவது 3.3 வகுத்தல் 50,000, அதாவது 0.07 மில்லிஆம்பியர். எறும்பு மூச்சு விடுகிற மாதிரி. தரையில் இருக்கும் ஜாயின்டில் மழை ஈரம் பட்டு, அங்கே ஒரு 50 கிலோ ஓம் கசிவு உண்டானால் பின்னில் நிற்பது சரிபாதி, 1.65 வோல்ட். இஎஸ்பி8266-க்கு 0.8-க்குக் கீழே லோ, 2.5-க்கு மேலே ஹை. 1.65-ஐ அது எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். ஒரு முறை திறந்தது என்னும், மறுமுறை மூடியது என்னும். அதே பைப்பில் மோட்டாரின் 230 வோல்ட் ஒயரும் போனால் மோட்டார் ஓடும்போதெல்லாம் அந்த இரைச்சலும் சேரும்.

வெளியே 4.7 கிலோ ஓம் புல்-அப், பின்னுக்கு முன்னால் 1 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட், புரோகிராமில் அரை நொடி பொறுமை. இதெல்லாம் சேர்த்தால் பத்துக்கு ஒன்பது வீட்டில் சரியாகிவிடும். ஐந்து மீட்டருக்குள் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்கு மேல் தூரம் என்றால் 12 வோல்ட் லூப். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து ஒரு ஒயர் ரீட் ஸ்விட்சுக்குப் போய்த் திரும்பி, 1.5 கிலோ ஓம் வழியாக இன்னொரு பிசி817-இன் எல்இடிக்கு வருகிறது. மறுபக்கத்து டிரான்சிஸ்டர் 10 கிலோ ஓம் புல்-அப்போடு பின்னில். இப்போது அதே ஒயரில் ஓடுவது 7 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல், முன்னதைவிட நூறு மடங்கு. அதே 50 கிலோ ஓம் ஈரக் கசிவு வந்தால் அதில் போவது 0.2 மில்லிஆம்பியர் சொச்சம். ஆப்டோ அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஒயர் அறுந்தால் கரண்ட் நின்று "திறந்திருக்கிறது" என்று வரும். போய்ப் பார்ப்போம், ஒயர் அறுந்தது தெரியும். தலைகீழாக, அறுந்த ஒயர் "மூடியிருக்கிறது" என்று சொல்லும்படி மாட்டினால் அது சென்சரே இல்லாததைவிட மோசம்.

ஒயருக்கு நான் எடுத்தது மீந்துபோன லேன் கேபிள். அதில் முறுக்கிய ஒரு ஜோடியையே போகவும் வரவும் வைத்தேன். போக ஒரு ஜோடியிலிருந்து ஒன்று, வர வேறு ஜோடியிலிருந்து ஒன்று என்று எடுத்தால் முறுக்கின் பலன் போய்விடும். மோட்டார் பைப்பில் இடம் இருந்தும் அதில் விடவில்லை, சுவரோரம் தனியாகக் கேசிங் அடித்தேன். வீட்டில் அழகு குறைந்தது என்று ஒரு வாரம் பேச்சு.

ஜன்னலுக்கு வைக்கும் சின்ன வெள்ளை ரீட் ஸ்விட்ச் ஷட்டருக்கு உதவாது. காற்றடித்தால் ஷட்டர் முன்னும் பின்னும் ஆடும், இரும்புப் பட்டையும் காந்தத்தின் பலத்தைக் குடித்துவிடும். தரையில் பதிக்க அலுமினிய உறையோடு வரும் பெரிய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் சென்சர் மூன்றாவது வழி. ஒயரே வேண்டாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் தகரக் கூரை, இரும்பு ஷட்டர், நடுவில் கார் என்று சிக்னலுக்கு எல்லாப் பக்கமும் அடைப்பு. பேட்டரி தீர்ந்தால் கடைசியாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். எனக்கு வேண்டாம்.

சப்ளை

இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கன்ட்ரோல் பாக்ஸே வெளியே தரும் 12 அல்லது 24 வோல்ட்டிலிருந்து வோல்டேஜைக் குறைக்கும் சின்ன பக் கன்வெர்ட்டரால் 5 எடுக்கலாம், ஒயர் மிச்சம். ஆனால் அதோடு பெட்டியின் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் ஒன்றாகி, ஆப்டோ வைத்த பலன் காணாமல் போகும். நல்ல 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், தடியான குட்டைக் கேபிள், போர்டின் காலடியில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அவ்வளவுதான்.

போர்டை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிட்டால் கரண்ட் போகும் பிரச்சினையே இல்லையே என்று ஒருவர் கேட்டார். கரண்ட் போகாது, கோளாறும் போகாது, ஒளிந்துகொள்ளும். இன்வெர்ட்டர் பேட்டரி என்றைக்குக் காலை வாருகிறதோ அன்றைக்கு ராத்திரி ஷட்டர் திறக்கும்.

பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் ஒயர் செருகும் அட்டை) ஓடுவதை அப்படியே டப்பாவில் அடைத்து மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷட்டர் ஏறி இறங்கும் அதிர்வில் ஜம்பர் ஒயர் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கழன்று வரும். ஜீரோ பிசிபியில் (துளை போட்ட சாலிடர் அட்டை) சாலிடர் வையுங்கள். ஸ்க்ரூ டெர்மினலில் நுழையும் ஒயர் நுனிக்கு ஈயம் பூசாதீர்கள், நாளாக நாளாக ஈயம் அமுங்கித் தளர்ந்துவிடும். லக் வைத்து நசுக்குங்கள்.

ஆக, சொந்த வீடு, பெட்டியில் டிசி பட்டன் டெர்மினல் என்றால் டி1-இல் பிசி817. டெர்மினலில் ஏசி அல்லது தெரியவில்லை என்றால் ரிலே, தொப்பியைக் கழற்றி, தனி சப்ளையோடு. பெட்டியைத் தொட முடியாது என்றால் ரிமோட். சென்சருக்கு ஐந்து மீட்டருக்கு மேல் 12 வோல்ட் லூப்.

டவுன் விஷயம். அமெரிக்காவில் 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்கு, கீழே யாராவது சிக்கினால் கதவு திரும்பும் பாதுகாப்பு சட்டப்படி கட்டாயம். என் ஷெட்டில் இருக்கும் ஷட்டரில் அப்படி எதுவும் இல்லை, கீழே பூனை படுத்திருந்தாலும் இறங்கிவிடும். அதனால் போனில் அப், ஸ்டாப் இரண்டுதான். மூடுவதற்குச் சுவர் பட்டனைத்தான் அழுத்த வேண்டும், கண்ணால் பார்த்துக்கொண்டு. குறுக்கே ஒளிக்கதிர் சென்சர் வைக்கும்வரை இப்படித்தான்.

எல்லாம் மாட்டி முடித்து எம்சிபியை (மின் பெட்டியில் இருக்கும் ஸ்விட்ச்) இருபது தடவை போட்டுப் போட்டு அணைத்தோம். அப்பாதான் எண்ணினார். ஷட்டர் அசையவில்லை. பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: நீல ஜோடி சென்சர், பச்சை ஜோடி அப், ஆரஞ்சு ஜோடி ஸ்டாப், பழுப்பு சும்மா. அடுத்த முறை எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தால் எதைக் கழற்றிவிட்டு மோட்டாரைப் பார்க்கலாம் என்று அவருக்கே தெரியும்.